பழைய ராணுவ லாரிக்குப் பாகம் தேடுவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவ லாரி ஒன்றைச் சீரமைக்கப் பாகங்களும் வழிகாட்டுதலும் எங்கே கிடைக்கும் என்று தங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். வந்த பதில்களில் ஒன்று, 'பாகம் கிடைக்காது, வேறு எஞ்சினை ஏற்றி ஓட்டுங்கள்' என்றது. இன்னொன்று, 'முதலில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுச் சேசிஸுக்குப் பெயின்ட் அடியுங்கள்' என்றது. பழைய லாரிகள் பாதியிலேயே பட்டறை மூலைக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த இரண்டு யோசனைகளால்தான்.

பாகம் இல்லை என்பது சரியல்ல. அந்தப் பாகத்தின் எண் தெரியாமல் தேடுகிறோம் என்பதுதான் நடப்பு. அக்கால ராணுவ லாரிகளில் புதிதாக வடிவமைத்த பாகங்கள் குறைவு. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், பேரிங், கார்புரேட்டர் என்று ஏற்கனவே சந்தையில் இருந்ததை எடுத்துக் கோத்ததே அதிகம். கேள்வி கேட்டவர் எந்த லாரி என்று சொல்லவில்லை. அதிகம் எஞ்சியிருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: அமெரிக்காவின் ஜி.எம்.சி. நிறுவனம் செய்த சி.சி.கே.டபிள்யூ. 1941 முதல் 1945 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான இரண்டரை டன் லாரி அது. முதல் 'சி' 1941ஆம் ஆண்டு வடிவமைப்பைக் குறிக்கும். இரண்டாவது 'சி' முன்னால் பானட் நீட்டிய வழக்கமான கேபின். 'கே' முன் ஆக்சிலுக்கும் ஓட்டம் உண்டு. 'டபிள்யூ' பின்னால் இரட்டை ஆக்சில். பெயருக்குப் பின்னால் 352 என்றிருந்தால் வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 145 அங்குலம், 353 என்றிருந்தால் 164 அங்குலம்.

இதன் எஞ்சின் 270 கன அங்குல ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இதே எஞ்சின்தான் நீரிலும் நிலத்திலும் ஓடிய 'டக்' வண்டியில் இருந்தது. போருக்குப் பின் வந்த ஜி.எம்.சி. சிவில் லாரிகளிலும் இருந்தது. ஆகவே 'ராணுவ லாரிக்குப் பிஸ்டன் ரிங்' என்று தேடினால் கைவிரிப்பார்கள். 'ஜி.எம்.சி. 270, சிலிண்டர் துளை விட்டம் (bore) 3.781 அங்குலம், பிஸ்டன் ஓடும் நீளம் (stroke) 4 அங்குலம், கடைந்து பெரிதாக்கியது (oversize) இவ்வளவு' என்று கேட்டால் எஞ்சின் பாகம் விற்பவர் அலமாரியைத் திறப்பார்.

முதலில் வாங்க வேண்டியது காகிதம். அமெரிக்க ராணுவம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு 'ஜி' எண் கொடுத்திருந்தது. சி.சி.கே.டபிள்யூ.வுக்கு ஜி508. டக் ஜி501, டாட்ஜ் முக்கால் டன் ஜி502, ஜீப் ஜி503, ஸ்டூட்பேக்கர் யு.எஸ்.6 ஜி630, போருக்குப் பின் வந்த எம்35 வகை ஜி742. தேடும்போது லாரியின் பெயரைவிட இந்த எண்தான் அதிகம் கொண்டுவரும். விவரம் தெரிந்த வியாபாரிகள் சரக்கை இந்த எண்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். சி.சி.கே.டபிள்யூ.வுக்கு ஓட்டுநருக்கும் அடிப்படைப் பராமரிப்புக்குமான கையேடு டி.எம். 9-801. பாகப் பட்டியல் எஸ்.என்.எல். ஜி-508. அமெரிக்க அரசு வெளியீடுகள் என்பதால் இவற்றுக்குக் பதிப்புரிமைத் தடை கிடையாது. ஸ்கேன் பிரதிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. இரண்டில் ஒன்றுதான் கையில் இருக்கலாம் என்றால் பாகப் பட்டியலைத்தான் எடுப்பேன். ஒவ்வொரு நட்டும் எதன்மேல் எந்த வரிசையில் உட்காருகிறது என்ற பிரித்த படமும், வண்டிக்கு எத்தனை வேண்டும் என்ற எண்ணிக்கையும் அதில் இருக்கும்.

இனி எண்களில் உள்ள பொறி. வார்ப்பிரும்புப் பாகத்தில் புடைத்து நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு எண். அது பாக எண் அல்ல. அச்சிலிருந்து வெளிவந்த பச்சை வார்ப்புக்கு இட்ட அடையாளம் அது. அதே வார்ப்பைக் கடைந்து இரண்டு மூன்று வேறு பாகங்கள் செய்திருப்பார்கள். புதிதாக இறங்குபவர்கள் மாதக்கணக்கில் வார்ப்பு எண்ணை வைத்துத் தேடி ஓய்ந்துபோவதுண்டு. பாக எண் பட்டியலில்தான் இருக்கும். அதுவும் ஒன்றல்ல: தயாரித்தவரின் எண், ராணுவத் தளவாடத் துறையின் எண், பின்னாளில் வந்த 11 இலக்க அரசுச் சரக்கு எண், 1974க்குப் பின் 13 இலக்க எண். நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேடுங்கள். ஒரு எண்ணுக்கு 'இல்லை' என்ற கடையிலேயே மற்றதற்கு 'இருக்கிறது' என்பார்கள்.

பேரிங் விஷயம் இன்னும் எளிது. டேப்பர் ரோலர் பேரிங்கின் உள் கோனிலும் வெளிக் கப்பிலும் தனித்தனி எண் பொறித்திருக்கும். அன்று டிம்கன் நிறுவனம் இட்ட எண்கள் பலவும் இன்றும் நடப்பில் உள்ளன. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணைப் படித்தால், எந்த வண்டிக்கு என்றே சொல்லாமல் சாதாரண பேரிங் கடையில் வாங்கலாம். ஆயில் சீலுக்கு எண் அழிந்திருந்தாலும் மூன்று அளவு போதும்: ஷாஃப்ட் விட்டம், உட்காரும் துளையின் விட்டம், அகலம். ஷாஃப்டை அளக்கும்போது பழைய சீல் தேய்த்த பள்ளத்தை அளக்காதீர்கள். பக்கத்தில் தேயாத இடத்தில் அளவெடுங்கள். பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் புது சீலும் ஒழுகும். அங்கே மெல்லிய எஃகு உறை ஏற்ற வேண்டும், அல்லது சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க வேண்டும்.

இந்த லாரிக்கு ஆர்டர் போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். ஆக்சில் இரண்டு வகை. நடுவில் உருண்டையாக, பின்னால் வட்ட மூடியோடு ஒரே துண்டாக இருந்தால் அது 'பேன்ஜோ'. நடுப்பகுதி செங்குத்தாகப் பிளந்து சுற்றிலும் போல்ட் போட்டு இணைத்திருந்தால் அது டிம்கனின் 'ஸ்பிளிட்'. இதில் உள்ளது அதில் சேராது. ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் மட்டுமல்ல, கியர்பாக்ஸின் ஓட்டத்தை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் புரொப்பெல்லர் ஷாஃப்டும்கூட வேறு. முன் ஆக்சிலின் திரும்பும் மூட்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு, அதையும் திறந்து பார்த்த பிறகே வாங்குங்கள். டேஷ்போர்டில் உள்ள தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். போருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பிரெஞ்சு ராணுவம் இந்த லாரிகளை வைத்திருந்தது. பணிமனைகளில் மொத்தமாகப் பிரித்துக் கையில் கிடைத்ததைக் கோத்தார்கள். 1943 சேசிஸில் 1944 கேபின் உட்கார்ந்திருப்பது சகஜம். சேசிஸில் பொறித்த எண், எஞ்சின் பிளாக்கின் எண், தகட்டின் எண் மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி பிரிக்காத அசல் பழைய சரக்கு என்றதும் பலருக்குக் கண் விரியும். உலோகத்துக்கு அது சரி. காஸ்மோலின் என்ற துருத்தடுப்புக் கிரீஸ் பூசி மெழுகுத்தாளில் சுற்றிய கியரும் வால்வும் பேரிங்கும் எண்பது ஆண்டு கழித்தும் புதிதாகவே இருக்கும். ரப்பருக்கு அது பொருந்தாது. பிரேக் கப், ஹோஸ், எஞ்சின் மவுன்ட், பம்பு டயாஃப்ரம் எல்லாம் பெட்டிக்குள் இருந்தே செத்திருக்கும். இக்னிஷன் கண்டென்சரும் அப்படித்தான்: மீட்டரில் நன்றாகக் காட்டும், எஞ்சின் சூடானதும் கைவிடும், நீங்கள் கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். இவற்றைப் புதுத் தயாரிப்பாகவே வாங்குங்கள்.

மரைகள் பற்றி ஒரு வார்த்தை. அக்கால அமெரிக்க வண்டிகளின் மரை 60 பாகைக் கோணம், இன்றைய யு.என்.சி. (பெருமரை), யு.என்.எஃப். (நுண்மரை) போல்ட்டுகள் பொருந்தும். பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை, 55 பாகை. கால் அங்குலம் முதல் 7/16 வரை விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் அங்குலத்துக்கான மரை எண்ணிக்கை ஒன்றே என்பதால், தவறான நட்டு ஏறிவிடும். ஏறியபின் இறுக்கும்போது மரை போகும். அரை அங்குலத்தில்தான் 12க்கும் 13க்கும் வித்தியாசம் வந்து காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, சி.சி.கே.டபிள்யூ.வின் இடதுபக்கச் சக்கர நட்டுகள் இடது மரை. ஸ்டட் நுனியில் 'எல்' இருக்கிறதா என்று பாருங்கள். நீள பைப் போட்டு எதிர்ப்பக்கம் முறுக்கி ஸ்டட்டை ஒடித்தவர்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

நின்றுபோன எஞ்சினை எழுப்ப அவசரப்பட்டு செல்ஃப் அடிக்கக் கூடாது. ஆறு பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றி நாலைந்து நாள் விடுங்கள். நடுவில் ஒருமுறை மேலும் ஊற்றலாம். அசிட்டோன் எளிதில் பற்றும், ஆகவே தீ அருகில் வேண்டாம். அதற்குள் ராக்கர் மூடியைத் திறந்து ஒவ்வொரு வால்வையும் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். ஒட்டிய வால்வோடு கிராங்க் சுழன்றால் புஷ் ராடு வளையும். இனி ஹேண்டிலைப் போட்டுக் கையால், முன்னும் பின்னும் சிறுசிறிதாக. அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாமல் நாளைக் கூட்டுங்கள்.

எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பின் வடிகால் திருகைத் திறந்ததும் முதலில் தண்ணீர் வரும், பிறகு எண்ணெய். அத்தோடு மூடிவிடாமல் சம்பையே இறக்குங்கள். அடியில் கறுப்புக் களிம்பு விரல்கனத்துக்குப் படிந்திருக்கும். புது எண்ணெயிலுள்ள சுத்திகரிப்புச் சேர்மானம் அதைக் கரைத்து எண்ணெய் உறிஞ்சும் வலையில் அடைக்கும். 270 எஞ்சினில் நான்கு மெயின் பேரிங்குக்கும் அழுத்தத்தோடு எண்ணெய் போகிறது. வலை அடைத்தால் முதல் பத்து நிமிடத்திலேயே பேரிங் போய்விடும். சிலிண்டர்களின் அமுக்க அழுத்தத்தை (கம்ப்ரஷன்) மீட்டரில் பார்க்கும்போது எண் எவ்வளவு என்பதைவிட ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதே முக்கியம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் சமமாகக் குறைந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்பப் பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பிளக் வயர் மாட்டும் வரிசை 1-5-3-6-2-4.

பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமை, இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் கட்டாயம் மாற்றுங்கள். பழையது கிழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டுவதோடு நிற்காது, சம்புக்குள்ளும் இறங்கும். எண்ணெய்க் கோல் காட்டும் மட்டம் தானாக உயர்ந்தால், அதில் பெட்ரோல் வாடை அடித்தால், எஞ்சினைத் தொடாதீர்கள்.

பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெறும் வண்டியே நான்கு டன்னுக்கு மேல், எண்ணெய்ப் பாதையோ ஒன்றே ஒன்று. ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தால் ஆறு சக்கரத்திலும் பிரேக் இல்லை. ஆகவே இருப்பதைத் தட்டிக்கொட்டி ஓட்டலாம் என்ற பேச்சே கூடாது. எஃகுக் குழாய்கள், ஹோஸ்கள், கப்புகள் அனைத்தும் புதிது. வீல் சிலிண்டரின் உட்சுவரில் குழிவிழுந்திருந்தால் எமரியால் தேய்த்துச் சரிக்கட்ட வேண்டாம்; விட்டம் கூடிக் கப் தளர்ந்துவிடும். லேத்தில் கடைந்து துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை உறை அடித்து, பழைய அளவுக்கே கொண்டுவர வேண்டும். டிரம்மைக் கடைந்தால் லைனிங்கின் வளைவையும் புது விட்டத்துக்கு ஏற்பத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் லைனிங் நடுவில் மட்டும் உரசும், வண்டி நிற்காது, டிரம் நீலம் பூக்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைத்துப் பைக்குள் கட்டிப் போடுங்கள்.

பெடலுக்குத் துணையாக எஞ்சின் வெற்றிடத்தில் வேலை செய்யும் ஹைட்ரோவாக் ஒன்று இருக்கிறது. அதன் உட்சீல் போனால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. எண்ணெய் வெற்றிடப் பக்கம் கசிந்து, எஞ்சின் உறிஞ்சி எரித்துவிடும். மாஸ்டர் சிலிண்டரில் மட்டம் இறங்குகிறது, தரையில் ஈரமில்லை, சைலென்சரில் வெள்ளைப் புகை என்றால் ஹைட்ரோவாக்கைப் பிரியுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு முறை மிதித்துத் தேங்கிய வெற்றிடத்தைக் காலி செய்துவிட்டு, மிதித்தபடியே எஞ்சினை ஓட்டுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். சிலிக்கான் பிரேக் எண்ணெய் போட விரும்பினால் எல்லா ரப்பரும் மாற்றிய, முழுக்க உலர்ந்த அமைப்பில் மட்டும் போடுங்கள். வழக்கமான கிளைக்கால் வகையோடு கலக்கவே கூடாது. கை பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டுகளைக் கழற்றினால் அந்த நிமிடமே கை பிரேக்கும் இல்லை. அடியில் படுக்குமுன் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை.

மின்சாரம் 6 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்வார்கள். தேவையில்லை என்பது என் கருத்து. மெதுவாகச் சுற்றும் செல்ஃபுக்குக் காரணம் அநேகமாக யாரோ மாட்டிய மெல்லிய கார் கேபிள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரட்டிப்பு ஆம்பியர் ஓடும். வழியில் ஒரு வோல்ட் இழந்தால் ஆறில் ஒரு பங்கு போச்சு. 70 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் போட்டு, எர்த் பட்டை உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டுங்கள். செல்ஃப் ஓடும்போதே பேட்டரி முனைக்கும் செல்ஃப் முனைக்கும் இடையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு கேபிளில் அல்லது இணைப்பில். எர்த் பக்கமும் இதே சோதனை.

டயர் 7.50-20, பின்னால் எட்டு, முன்னால் இரண்டு. கிடைத்த பழைய டயர்களைக் கலந்து மாட்டுவது இந்த லாரிக்கு ஆகாது. இரண்டு பின் ஆக்சில்களுக்கும் நடுவில், வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரென்ஷியல் கிடையாது. ஓர் ஆக்சிலில் தேய்ந்த டயரும் மற்றதில் புதிதும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று ஷாஃப்டில் முறுக்கு ஏறும். டிரான்ஸ்ஃபர் கேஸ் கியரும் பேரிங்கும் தின்னப்படும். ஜோடி டயர்களுக்குள் விட்ட வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். முன் ஆக்சிலை மண்ணிலும் சேற்றிலும் மட்டும் சேருங்கள், தார்ச்சாலையில் சேர்த்தால் இதே கேடுதான். கியர் எண்ணெயில் வெண்கலப் புஷ்களை அரிக்காத ஜி.எல்.4 ரகம், 90 எண்.

ரிம்மில் பூட்டு வளையம் உண்டு. கழற்றும் முன் வால்வு ஊசியையே எடுத்து, ஜோடியில் இரண்டு டயரையும் காலி செய்யுங்கள். துருப்பிடித்த வளையத்தைச் சுத்தம் செய்யாமல் மாட்டுவதும், காற்று ஏறும்போது சுத்தியலால் தட்டி உட்கார வைப்பதும் உயிரைக் குடிக்கும் பழக்கங்கள். இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும். ஜீப்பிலும் டாட்ஜிலும் இரு பாதியை போல்ட்டால் இணைத்த ரிம் வரும். அதில் சக்கர நட்டுக்குப் பதில் இணைப்பு நட்டைக் காற்றோடு கழற்றினால் ரிம் வெடித்துப் பிரியும்.

முன்னால் வின்ச் இருந்தால் அதன் இழுதிறன் 10,000 பவுண்டு. ஓட்டத் தண்டில் ஒரு மென் எஃகு ஊசி இருக்கும். பாரம் மீறினால் ஒடிவதுதான் அதன் வேலை. அடிக்கடி ஒடிகிறதே என்று கடின போல்ட் போட்டால் அடுத்தமுறை ஒடிவது உள்ளே இருக்கும் வார்ம் கியராக இருக்கும். அதற்குப் பாகம் தேடுவதுதான் நிஜமான சிரமம்.

பாடி வேலை கடைசியில்தான். மரத்தளம் உள்ள வண்டியில் மரச்சட்டத்துக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஈரம் தேங்கித் துரு அரித்திருக்கும், அதை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள். அசல் நிறத்தை டேஷ்போர்டுத் தகட்டின் பின்புறம் கண்டுபிடிக்கலாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், உலர்வாகத் தேய்க்க வேண்டாம். மீட்டர் முள்ளும் எண்களும் இருட்டில் ஒளிரும்படி செய்த பழைய வகையானால் அதில் ரேடியம் இருக்கக்கூடும். ஒளிர்வு மங்கிப் போனாலும் கதிர்வீச்சு போகாது. கண்ணாடியைத் திறந்து சுரண்டாதீர்கள்.

ஆலோசனை கேட்க ஆட்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கம் எம்.வி.பி.ஏ. இருக்கிறது, 'ஆர்மி மோட்டார்ஸ்' என்ற இதழும் நடத்துகிறது. பிரிட்டனில் எம்.வி.டி. என்ற மிலிட்டரி வெஹிக்கிள் டிரஸ்ட். இந்த லாரியின் பாகங்களுக்கு அமெரிக்காவோடு பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து வியாபாரிகளையும் பாருங்கள். போருக்குப் பின் சரக்கு அங்கேதான் தேங்கியது. எழுதும்போது 'என் லாரிக்குக் கியர்பாக்ஸ் சாமான் வேண்டும்' என்று எழுதினால் பதில் வராது. ஜி எண், சேசிஸ் எண், பேன்ஜோவா ஸ்பிளிட்டா, பட்டியலில் உள்ள பக்கமும் பாக எண்ணும், அளவுக் கருவியான காலிப்பரை வைத்தே எடுத்த இரண்டு படம் என்று அனுப்புங்கள். பணம் அனுப்பும் முன் அவர்களிடமும் அதே போலக் காலிப்பர் வைத்த படம் கேளுங்கள். ஒழுங்கான வியாபாரி அனுப்புவார்.

இப்படிக்கு,
பழைய கனரக வண்டிகளைச் சீரமைக்கும் வாசகர் ஒருவர்